தமயந்தி டீச்சர் கேட்ட கேள்வி

தமயந்தி டீச்சர் இறந்துவிட்டார். நேற்று மதியம், திருப்பூர் ராயபுரத்தில் அவர் வீட்டில். சுகர் இருந்ததாம், கிட்னி வரைக்கும் போய்விட்டதாம்.

கூடப் படித்த ரேவதி போனில் சொன்னாள். ஆபீஸில், ஆர்டர் கொடுக்கும் வெளிநாட்டு பையருக்கு மெயில் அடித்துக்கொண்டிருந்தேன். அதை முடித்து அனுப்பிவிட்டுத்தான் எழுந்தேன்... அழுகை வரவில்லை.

இதைப் படிக்கிற பலருக்கு அவரைத் தெரியாது. திருப்பூரில் ஒரு பெண்கள் மேல்நிலைப் பள்ளியில் காமர்ஸ் டீச்சர். ப்ளஸ் ஒன், ப்ளஸ் டூ இரண்டுக்கும் எங்களுக்கு அவர்தான்.

யாருக்கும் பிடித்த டீச்சர் இல்லை. சிரிக்க மாட்டார். எல்லோரையும் 'கண்ணு' என்பார், தண்டனை கொடுக்கும்போதும். "கண்ணு, எந்திரிச்சு வெளிய நில்லு."

நாங்கள் சாத்தூர் பக்கம். பனியன் கம்பெனி வேலைக்காகத் திருப்பூர் வந்த குடும்பம். அப்பா கட்டிங், அம்மா செக்கிங்... ஒரே கம்பெனி.

ப்ளஸ் ஒன் பாதியில் எனக்கு என்னவோ ஆனது. இன்னதுதான் காரணம் என்று இன்றைக்கும் சொல்லத் தெரியவில்லை.

தூக்கம் போனது. சாப்பாடு போனது. வகுப்பில் உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு அடைக்கும், கை மரத்துப்போகும். ஒருமுறை காலை பிரேயரில் விழுந்தேன்.

லவ் மேட்டர் என்றார்கள் சிலர். நடிக்கிறாள் என்றார்கள் சிலர். அம்மா சர்ச்சுக்குக் கூட்டிப்போய் ஜெபம் செய்ய வைத்தாள். அன்றைக்குக் கொஞ்சம் தேவலை... பிறகு மறுபடியும் அதே.

கடைசியில் ஹெச்.எம். என் அம்மாவை வரச் சொல்லி, டி.சி. வாங்கிக்கொள்ளுங்கள் என்றார். மற்ற பிள்ளைகள் பயப்படுகிறார்களாம். கம்பெனியில் டெய்லருக்குத் துணி எடுத்துக் கொடுக்கும் கைமடி வேலைக்கு ஆள் எடுத்துக்கொண்டிருந்தார்கள். அம்மாவும் அரை மனதாகச் சரி என்று சொல்லிவிட்டாள்.

மறுநாள் மதிய இடைவேளையில் தமயந்தி டீச்சர் என்னைக் கூப்பிட்டார். லேபுக்குப் பின்னால் ஒரு காலி வகுப்பு. எதிரே உட்காரச் சொன்னார்.

எப்போதிலிருந்து தூக்கம் இல்லை, வீட்டில் அடிக்கிறார்களா, வெளியே யாராவது தொந்தரவு செய்கிறார்களா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். இல்லை, இல்லை என்றேன்.

பிறகு அதே குரலில், "செத்துப் போலாம்னு தோணுதா கண்ணு?"

அதுவரை யாரும் என்னிடம் அதைக் கேட்டதில்லை. ஆமென்று தலையாட்டினேன்.

அவர் பதறவில்லை. படிக்கிற பிள்ளை இப்படி நினைக்கலாமா என்று சொல்லவில்லை. யாரிடமும் சொல்லாதீர்கள் டீச்சர் என்று கெஞ்சினேன்.

"அது முடியாது. உங்கம்மாகிட்டச் சொல்லித்தான் ஆகோணும். நீயும் பக்கத்துல இரு, நானே சொல்றேன். வேற ஆருக்கும் தெரியாது."

இரண்டாயிரத்தின் ஆரம்ப வருடங்கள் அவை. எங்கள் வீட்டில் போன் கிடையாது. பள்ளி விட்டதும் என்னைக் கூட்டிக்கொண்டு கம்பெனி கேட்டுக்கே வந்தார்.

டீ டைமில் அம்மா வெளியே வந்தாள், தலையெல்லாம் பஞ்சுத் தூசி. டீச்சர் சுற்றி வளைக்காமல் சொன்னார். அம்மாவுக்கு முதலில் கோபம்தான் வந்தது. "அப்படி என்ன கொற வச்சோம் டீச்சர் இவளுக்கு?"

"கொறையெல்லாம் இல்லீங்க. உங்க மேலயும் தப்பில்ல, புள்ள மேலயும் தப்பில்லீங்க. இதுக்குன்னு டாக்டருங்க இருக்காங்க. நாளைக்கு ஒரு நாள் லீவு போடுங்க, நானும் வாரனுங்க."

ஷிப்மெண்ட் நேரம், லீவு தர மாட்டார்கள் என்றாள் அம்மா. டீச்சர் உள்ளே போய் சூப்பர்வைசரிடம் பேசினார். என்ன பேசினாரோ... லீவு கிடைத்தது.

அன்று ராத்திரி என்னைத் தனியாக விடக் கூடாது என்று சொல்லிவிட்டுப் போனார். அம்மா என் கையைப் பிடித்தபடியே படுத்திருந்தாள்.

கோயமுத்தூர் பெரியாஸ்பத்திரி, மனநலப் பிரிவு. தெரிந்தவர்கள் யாரும் பார்த்துவிடக் கூடாதென்று அம்மா முந்தானையால் முகத்தை மறைத்துக்கொண்டிருந்தாள். டீச்சர் பெஞ்சில் உட்கார்ந்து பரீட்சைப் பேப்பர் திருத்திக்கொண்டிருந்தார். என் பேப்பரும் அதில் இருந்தது. பாஸ் ஆகவில்லை.

டி.சி. வாங்கவில்லை. டீச்சர் ஹெச்.எம்.மிடம் தானே பொறுப்பு என்று சொன்னதாகப் பிறகு தெரிந்தது.

என்னைக் கதவோரப் பெஞ்சுக்கு மாற்றினார். மூச்சு முட்டினால் யாரையும் கேட்க வேண்டாம், எழுந்து தண்ணீர்க் குழாய் வரை போய்விட்டு வா என்றார். மற்ற டீச்சர்களுக்கும் அதை மட்டும்தான் சொல்லி வைத்திருந்தார்.

ஒருநாள் நான் எழுந்து போகும்போது பின்பெஞ்சில் ஒருத்தி 'மெண்டல்' என்றாள். டீச்சர் புத்தகத்தை மூடினார்.

"அவளுக்கு ஒடம்பு சரியில்ல, டாக்டர்கிட்டப் போறா. வேற ஆருக்காச்சும் எதாச்சும் கேக்கோணுமா?"

புத்தகத்தைத் திரும்பவும் திறந்தார். பாடம் தொடர்ந்தது.

சரியாக ரொம்ப நாள் ஆனது. மாத்திரையில் வாய் உலரும், வகுப்பிலேயே தூங்கி விழுவேன். தூங்கியதற்கு அவர் திட்டியதே இல்லை. மார்க் குறைந்ததற்குத் திட்டினார், மற்றவர்களைத் திட்டிய அதே அளவுக்கு.

ப்ளஸ் டூ பாஸ். அப்புறம் தபாலில் பி.காம்., மெர்ச்சண்டைசிங் வேலை, கல்யாணம்... நடுவில் ஒருமுறை அது திரும்பி வந்தது. அப்போது நானே டாக்டரிடம் போனேன்.

கடைசியாக அவரைப் பார்த்தது காங்கேயம் பஸ் ஸ்டாண்டில். ரிட்டயர் ஆகியிருந்தார், ரொம்ப மெலிந்திருந்தார். என் பெயரைச் சரியாகச் சொன்னார். அம்மாவை விசாரித்தார்.

ரொம்ப நாளாக மனதில் வைத்திருந்ததைச் சொல்ல ஆரம்பித்தேன். "டீச்சர், அன்னைக்கு நீங்க மட்டும்..."

"பஸ் வந்துருச்சு கண்ணு" என்று ஏறிவிட்டார். ஜன்னலோரம்தான் உட்கார்ந்தார். திரும்பிப் பார்க்கவில்லை.

நாளைக் காலை வெள்ளகோவிலில், அவர் சொந்த ஊரில் எடுக்கிறார்கள். அம்மாவும் வருகிறேன் என்கிறாள்.

அன்றைக்குச் சொல்ல விடவில்லை. இப்போதும் சொல்லவில்லை...

போய்ட்டு வாங்க டீச்சர்.