செப்பு அண்டாவில் வைத்த கடல் தண்ணீர்

இதை எழுத ஏழு வருஷமாகத் தயங்கினேன். நோட்டை எடுத்துப் பிள்ளையார் சுழி போடுவேன். அடுப்பில் பால் இருக்கிறதே என்று எழுந்து போய்விடுவேன். போய்ப் பார்த்தால் அடுப்பே எரியாது. எட்டாவதோடு நின்றவள் நான், பிழையாக எழுதினால் சிரிப்பார்கள் என்று எனக்கு நானே சாக்குச் சொல்லிக்கொண்டேன். நிஜமான காரணம் வேறு. எழுதினால் என் மகன் படித்துவிடுவானே என்ற பயம். இப்போது அவன் படிக்க வேண்டும் என்றுதான் எழுதுகிறேன்.

எங்களுக்குத் திருத்துறைப்பூண்டிக்குத் தெற்கே கடைமடையில் நிலம். ஆற்றுத் தண்ணீர் எல்லோருக்கும் போய்க் கடைசியில் எங்களுக்கு வரும். கோடையில் வடிகால் வழியாகக் கடல் தண்ணீர் ஏறி வந்துவிடும். அப்படிப்பட்ட ஊரில், துபாயிலிருந்து லீவில் வந்த என் மகன் கூடத்தில் ஒரு பெரிய கண்ணாடித் தொட்டியை வைத்து, அதில் உப்புத் தண்ணீரை ஊற்றினான்.

என் வீட்டுக்காரர் வாசலிலேயே நின்று பார்த்தார். "உப்பு ஏறிடுச்சு, உப்பு ஏறிடுச்சுன்னு ஊரே மனு குடுக்குது. எம் புள்ளை உப்புத் தண்ணிய வீட்டுக்குள்ள கொண்டாந்து வைக்கிறான். நல்லா இருடா!"

அவனுக்குத் துபாயில் மீன்தொட்டிகளைப் பராமரிக்கிற வேலை. ஓட்டல்களில், பெரிய வீடுகளில். அங்கே கற்றதை வைத்து இங்கே ஒன்று யோசித்திருந்தான். முத்துப்பேட்டைப் பக்கம் உப்பங்கழியில் வட்டமாக, உடம்பெல்லாம் கரும்புள்ளியோடு ஒரு மீன் கிடைக்கிறது. சின்னதில் பாதி உப்புத் தண்ணீரில் வளரும், பெரிதானால் கடலுக்குப் போகும். வீட்டில் கடல் தொட்டி வைத்திருப்பவர்கள் அதை ஆசையாக வாங்குகிறார்களாம். ஆனால் கழியிலிருந்து பிடித்து நேரே கடல் தண்ணீரில் விட்டால் துவண்டுபோகும். கொஞ்சம் கொஞ்சமாக உப்பை ஏற்றிப் பழக்க வேண்டும்.

"அதப் பழக்கிக் குடுக்க நம்ம பக்கம் ஆளே இல்லம்மா" என்றான். "சென்னையில ஒரு கடைக்காரரு எடுத்துக்கறேன்னு சொல்லியிருக்காரு. மொதல்ல பத்து மீனு. முழுக் கடல் தண்ணியில ஒரு வாரம் உசுரோட இருந்து காட்டணும். காட்டிட்டேன்னா நான் திரும்பிப் போவலம்மா. இங்கயே இருந்துடுறேன்."

கடைசி வார்த்தைதான் என் காதில் விழுந்தது. அன்று முதல் அந்தப் பத்து மீனும் என் மீன்கள். குழம்புக்கு எத்தனையோ மடவை மீனை ஆய்ந்த கை இது. அந்தக் கையால் புள்ளிக்காரிகளுக்கு வேளை தவறாமல் தீனி போட்டேன். தினமும் தொட்டியிலிருந்து இரண்டு மக் தண்ணீரை எடுத்துவிட்டு, மெல்லிய டியூபில் ஒரு முடிச்சுப் போட்டு, கடல் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக இறக்குவான். உப்பை அளக்கும் கருவியைப் போட்டுப் பார்த்து நோட்டில் எழுதுவான்.

எதிர்வீட்டு அக்கா வந்து எட்டிப் பார்த்தாள். "என்னடி இது, மீனுக்கு சலைன் ஏத்துறானா?"

"கடல் தண்ணிக்குப் பழக்குறான்க்கா."

"ஏன், மீனுக்குக் கடல் தெரியாதாமா? நல்ல வேளை, மாட்டுக்கு வைக்கோல் திங்கப் பழக்காம விட்டான்!"

அவள் சிரித்தாலும் மீன்கள் நன்றாக இருந்தன. பாசியைத் தின்பதற்காக அவன் விட்ட இரண்டு கழி நத்தைகளும் கண்ணாடியில் ஊர்ந்துகொண்டிருந்தன. மாதம் ஒன்று ஓடிவிட்டது. கடைசியாகப் பாதித் தொட்டித் தண்ணீரை மாற்றினால் முழுக் கடல் தண்ணீர். அதற்கு இரண்டு கேன், கைகாவலுக்கு இன்னும் இரண்டு, ஆக நாலு கேன் வேண்டும்.

அந்த நேரம் பார்த்துத் தை அமாவாசையும் வந்தது, எங்கள் வயலுக்கு அறுப்பு மிஷினும் வந்தது. அப்பாவும் பிள்ளையும் வயலில் நிற்க வேண்டியிருந்தது. கடலில் முழுக நான் கோடியக்கரைக்கு வேனில் போவதால், கேன்களை என்னிடமே கொடுத்துவிட்டான். "தண்ணிய மொண்டு கேன்லயே மூடி வச்சிடும்மா. வேற எதுலயும் ஊத்தாத. அறுப்பு முடிச்சிட்டு நான் வந்து பாத்துக்கறேன்."

வேறு எதிலும் ஊற்றாதே என்று சொன்னான். சொன்னான் என்பதை மறைக்க மாட்டேன்.

முழுகி எழுந்து, ஈசனை நினைத்து, கரையிலிருந்து தள்ளிப்போய் நல்ல தண்ணீராக மொண்டுகொண்டு வந்தேன். வீட்டில் கேனைத் திறந்தால் ஒரே பிளாஸ்டிக் நாற்றம். எனக்கு மனசு கேட்கவில்லை. அமாவாசைக்கு எடுத்த தீர்த்தம். என் பிள்ளை இந்த மண்ணில் தங்குவதற்கான தண்ணீர். அதைப் போய் நீலக் கேனில் அடைத்து வைப்பதா? அம்மா வீட்டில் எனக்குச் சீராகக் கொடுத்த செப்பு அண்டாவைப் புளி போட்டுப் பளபளவென்று தேய்த்தேன். வெளிப்பக்கம் சந்தனம், குங்குமம் வைத்துத் தண்ணீரை அதில் ஊற்றி, வாயில் வெள்ளைத் துணி கட்டினேன். அறுப்பு முடியும்வரை இராத்திரியும் அவன் களத்திலேயே படுத்துக்கொண்டதால் அதைப் பார்க்கவில்லை. குடிக்கிற தண்ணீரையே செம்பில் வைத்தால் உடம்புக்கு நல்லது என்கிறார்கள். மீனுக்கு மட்டும் ஆகாதா என்று நினைத்தேன்.

நாலாம் நாள் அறுப்பு முடிந்தது. சொன்னதைக் கேட்க மாட்டியா என்று அவன் கத்துவானே என்று, அவன் வருவதற்குள் தண்ணீரைத் திரும்பவும் கேன்களில் ஊற்றி வைத்துவிட்டேன். கண்ணுக்குத் தெளிந்து பளிங்கு போல இருந்தது. அண்டாவின் உள்ளே, தண்ணீர் நின்ற மட்டத்தில், பச்சையாக ஒரு கோடு சுற்றிலும் ஓடியிருந்தது. புளியைப் போட்டு அதையும் தேய்த்துக் கழுவிக் கவிழ்த்தேன்.

அன்று சாயங்காலம் அவன் தொட்டியை நிரப்பினான். இரண்டு கேன் தண்ணீர் மிஞ்சியது. மறுநாள் காலையில் நத்தைகள் இரண்டும் கீழே விழுந்து கிடந்தன. மீன்கள் கறுத்துப்போய், மேலே வந்து வாயைப் பிளந்தன. உப்பைப் பார்த்தான், சரியாக இருந்தது. சூட்டைப் பார்த்தான், அதுவும் சரி. தண்ணீரில்தான் என்னவோ என்று பாதியை இறைத்துக் கொட்டிவிட்டு, மிச்சமிருந்த இரண்டு கேனையும் ஊற்றினான். அதே தண்ணீர். பக்கத்தில் நின்று கேனைத் தூக்கிக் கொடுத்தவள் நான். கண்ணாடியில் திருநீறு வேறு பூசினேன்.

இரண்டு நாளில் பத்தும் போய்விட்டன.

நோட்டை முதல் பக்கத்திலிருந்து புரட்டினான். "எல்லாம் சரியாத்தாம்மா பண்ணியிருக்கேன். எங்க தப்புன்னே தெரியலையே." தப்பு அடுப்படியில் கவிழ்ந்து கிடந்தது. அன்றைக்கு எனக்குத் தெரியாது. சத்தியமாகத் தெரியாது. ஆனால் கேனில் வைத்திருந்தாயா என்று அவன் ஒரு தரம் கேட்டான். "ஆமாம்" என்றேன்.

அவன் துபாய்க்குப் போய்விட்டான்.

இரண்டு வருஷம் கழித்துத் தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் உறவுக்காரர் ஒருவரைப் பார்த்துவிட்டு வரும்போது, வண்ணமீன் கடை ஒன்று கண்ணில் பட்டது. கால் தானாக உள்ளே போனது. கடைக்காரரிடம் நடந்ததைச் சொன்னேன், அண்டாவை விட்டுவிட்டு.

"எது மொதல்ல செத்துச்சும்மா?" என்றார்.

"நத்தை."

"அப்ப தண்ணியில செம்பு எங்கயாவது பட்டுச்சா? கடல் தண்ணி செம்பை அரிச்சு உள்ள இழுத்துக்கும்மா. வெளியில ஒண்ணும் தெரியாது. நத்தைக்குத்தான் மொதல்ல தெரியும்."

பஸ் ஸ்டாண்டு வரை எப்படி நடந்தேன் என்று நினைவில்லை.

அதற்குப் பிறகு மூன்று தரம் போனில் சொல்லப் பார்த்தேன். "தம்பி, அந்த மீனு..." என்பேன். "மீன் பேச்சு வேணாம்மா, வேற பேசு" என்பான். நானும் மழை பெய்ததா, நாற்று விட்டாச்சா என்று வேறு பேசுவேன். எனக்கே என்மேல் பற்றிக்கொண்டு வரும். வீட்டுக்காரரிடம் சொன்னேன். "இப்பச் சொன்னா மீனு எழுந்து வந்துடுமா? சும்மா இரு" என்றார். அவர் வெளியில் சொல்வது வேறு கதை: பையனுக்குப் பொறுமை இல்லையாம். எதிர்வீட்டு அக்கா சொல்வது இன்னொன்று: தீர்த்தத்தை மீனுக்கு ஊற்றினால் சாமி சும்மா விடுமா என்று. எனக்குக் கேட்டுக் கேட்டு எரிச்சல் தாங்கவில்லை. சாமி ஒன்றும் செய்யவில்லை. தினம் விளக்கேற்றுகிறவள் சொல்கிறேன், என் தப்பைத் தூக்கிச் சாமி தலையில் போடாதீர்கள்.

போன மாதம் அவனே பேச்சை எடுத்தான். "அந்தத் தொட்டிய யாருக்காவது குடுத்துடும்மா. எனக்கு அதுல கைராசி இல்ல. இன்னும் மூணு வருஷத்துக்குக் கம்பெனியில கையெழுத்துப் போட்டுடலாம்னு இருக்கேன்."

அங்கே ஊரான் வீட்டு மீனெல்லாம் அவன் கையில் உயிரோடு இருக்கிறது. இவனுக்குக் கைராசி இல்லையாம். சொல்ல வாயெடுத்தேன். ஷிப்டுக்கு நேரமாகிவிட்டது என்று வைத்துவிட்டான்.

தொட்டியை நான் கொடுக்கவில்லை. உளுந்து கொட்டி வைத்திருந்தேன், அதையும் அள்ளிவிட்டுக் கழுவி வைத்திருக்கிறேன்.

அவனோடு ஒரே அறையில் நம்ம பக்கத்துப் பிள்ளைகள் இருக்கிறார்கள். இது யார் கண்ணில் பட்டாலும் அவனுக்கு அனுப்பி வையுங்கள், கையெழுத்துப் போடுவதற்கு முன்னால். ஆனால் வாய்க்கு வாய் மாற்றாதீர்கள். அம்மா அழுதாள் என்று சேர்க்க வேண்டாம். பாவம், தெரியாமல் செய்தாள் என்று எனக்காகப் பரிந்து பேசவும் வேண்டாம். அவன் வேண்டாம் என்று சொல்லியும் அண்டாவில் ஊற்றினாள், கேட்டபோது கேனில்தான் இருந்தது என்றாள். இந்த இரண்டும் எழுதியபடியே போகட்டும். அவன் நோட்டில் ஒரு தப்பும் இல்லை என்பது அப்போதுதான் அவனுக்குத் தெரியும்.