சுத்தியல் படாத ஒரு வெல்டிங்

வெல்டிங் தொழிலில் ஒரு சங்கடம் உண்டு: ஒட்டியதும் ஒட்டாததும் பார்வைக்கு ஒரே மாதிரிதான் இருக்கும். என்னைப் போல வீட்டு வாசலில் வெல்டிங் செட்டைப் போட்டு, சின்ன டிராக்டருக்குக் கலப்பை, பெட்டி என்று செய்து கொடுத்தவர்கள் யாராவது இதைப் படித்தால், அவர்களுக்கு நான் அதிகம் விளக்க வேண்டியதில்லை. செய்து கொடுத்தது எங்கே, எந்த நேரத்தில், யார் மேல் விட்டு விழுமோ என்று நினைத்தபடியே சாப்பிட்டு எழுந்தவர்கள் அவர்கள்.

நட்டு வைத்த கலப்பை

எண்பதுகளின் தொடக்கம். வேப்பந்தட்டைக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் மானாவாரிக் காட்டுக்காகச் சின்ன டிராக்டர் ஒன்றைப் பழசாக வாங்கினேன். பெரிய டிராக்டரின் கலப்பையை, மண்ணைக் கீறும் கொத்து ஒன்பது உள்ளதை, இரவல் வாங்கி மாட்டினால், முன்சக்கரம் இரண்டும் தரையை விட்டு எழும்பின. இந்த அளவு வண்டிக்குக் கலப்பையே வருவதில்லை என்று பெரம்பலூர்க் கடைக்காரர் கையை விரித்துவிட்டார். நாமே செய்தால் என்ன என்று எனக்கு ஒரு திமிர். மூடிப்போன லாரிப் பட்டறையிலிருந்து வெல்டிங் செட்டை வாங்கி வந்து, கிணற்று மோட்டார் ரூமிலிருந்து வாசலுக்கு ஒயர் இழுத்தேன். அந்தப் பட்டறையில் வேலை பார்த்தவரிடம் மூன்று ஞாயிற்றுக்கிழமை பழகினேன். என் படிப்பு அவ்வளவுதான்.

முதல் கலப்பைக்கு ஐந்து கொத்து. பற்றவைத்த இடமெல்லாம் பின்னிய ஜடை போல வரிவரியாக இருந்தது. நானே தடவித் தடவிப் பார்த்துக்கொண்டேன். காட்டில் இறக்கி, ஒரு சால் ஓட்டித் திரும்பிப் பார்த்தால் மூன்று கொத்துதான் இருக்கிறது. மற்ற இரண்டும் பின்னால் மண்ணில் குத்திட்டு நின்றன. பக்கத்துப் பருத்திக் காட்டில் களை வெட்டிக்கொண்டிருந்த அஞ்சலை நிமிர்ந்து பார்த்துவிட்டுக் கேட்டாள்: "அஞ்சு கொண்டாந்தீங்க, ரெண்ட நட்டு வெச்சிட்டுப் போறீங்களே, தண்ணி ஏதும் ஊத்தணுங்களா?"

தெருவே அழுத நாள்

மறுபடியும் பற்றவைக்க உட்கார்ந்தேன். எங்கள் தெருவில் அதற்கு முன் யாரும் வெல்டிங் பார்த்ததில்லை. வேலைவெட்டியை விட்டுவிட்டு வந்து சுற்றி நின்றுகொண்டார்கள். "பாக்காதீங்க, கண்ணு போயிடும்" என்று நான் கத்தினேன். தொழில் ரகசியத்தை மறைக்கிறேன் என்று நினைத்து இன்னும் கிட்டே வந்து குனிந்து பார்த்தார்கள். எனக்கும் கறுப்புக் கண்ணாடி வழியாக எதுவும் சரியாகத் தெரியாததால் அடிக்கடி அதைத் தூக்கிவிட்டுக்கொண்டேன்.

விடிந்ததும் தெருவில் பாதிப் பேருக்குக் கண் திறக்கவில்லை. கண்ணுக்குள் மணலை அள்ளிப் போட்டது போல எரிச்சல். என் மனைவியும் முந்தானையால் கண்ணைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நிஜமாகவே ஊரைக் குருடாக்கிவிட்டேன் என்றே நினைத்தேன். இந்த எரிச்சலுக்குத் தாய்ப்பால் விட்டால் அடங்கும் என்பது எங்கள் பக்கத்து வைத்தியம். தெருவில் கைக்குழந்தை இருந்தது எதிர்வீட்டு மலர்க்கொடி ஒருத்தியிடம்தான். அவள் சங்கில் பீய்ச்சிக் கொடுத்துக்கொண்டே இருந்தாள், அவள் மாமியார் ஒவ்வொரு கண்ணிலும் இரண்டு சொட்டு விட்டுக்கொண்டே வந்தார். நான் கடைசி ஆளாகப் போய் நின்றபோது மலர்க்கொடி உள்ளேயிருந்து சொன்னாள்: "அண்ணே, இன்னிக்கும் நீங்க பத்த வெக்கிறதா இருந்தா, எம் புள்ளைக்கு ஒரு மாட்ட வாங்கிக் கட்டிட்டு அப்புறம் பத்த வைங்க."

போட்டோ

கண் சரியானது. கலப்பையும் ஒருவழியாக உடையாமல் நின்றது. சின்ன டிராக்டர் வைத்திருந்தவர்கள் ஒவ்வொருவராக வர ஆரம்பித்தார்கள். லப்பைக்குடிக்காட்டிலிருந்து காதர் பாய் வந்தார். வளைகுடாவில் எண்ணெய்க் குழாய்க்கு வெல்டிங் செய்துவிட்டு லீவில் வந்திருந்தவர், என் வயதுதான். தம்பியின் வண்டிக்குக் கலப்பை வேண்டும் என்றார். முடித்து வைத்திருந்த ஒரு கலப்பையைக் காட்டினேன். ஜடைப் பின்னல் அப்போது இன்னும் அழகாக வந்திருந்தது.

அவர் மூலையில் கிடந்த பெரிய சுத்தியலை எடுத்து ஒரே போடு போட்டார். கொத்து தனியாகக் கழன்று விழுந்தது. உடைந்த இடத்தில் பட்டையை உரித்தது போல வழவழவென்று இருந்தது, இரும்போடு ஒட்டவே இல்லை. பக்கத்தில் கோணல்மாணலாக நான் வெட்கப்பட்டுக்கொண்டிருந்த இன்னொரு வெல்டிங்கை மூன்று முறை அடித்தார், அது அசையவில்லை. இத்தனை நாளாக இப்படியா கொடுத்து அனுப்பினேன்? கொடுத்த ஆறு கலப்பைகளையும் அந்த வாரமே தேடிப் போய் அடித்துப் பார்த்து, கழன்றதைத் திரும்பப் பற்றவைத்துக் கொடுத்தேன். அன்றிலிருந்து, சுத்தியல் அடி வாங்காமல் எதுவும் என் வாசலைத் தாண்டக் கூடாது என்று வைத்துக்கொண்டேன். பாய் அன்று கிளம்பும்போது சொன்னது இது: "எங்க கம்பெனில வெல்டிங்க எக்ஸ்ரே போட்டோ புடிச்சுப் பாத்துதான் ஏத்துக்குவாங்க. உங்க வெல்டிங்க மொதல்ல அடிச்சுப் பாத்துட்டு, மிச்சமிருந்தா போட்டோ புடிக்கலாம்."

பத்தரை மணி

வைத்துக்கொண்ட சட்டம் ஒரு வருஷம் தாங்கியது. கை.களத்தூர்ப் பக்கமிருந்து செல்லமுத்து எருப் பெட்டி கேட்டிருந்தார். டிராக்டரின் பின்னால் தூக்கிக்கொண்டு போகும் இரும்புப் பெட்டி அது. அதன் மேல்பக்கத்தில் ஒரு காது உண்டு, வண்டியின் கம்பி அதில்தான் பூட்டும். அந்தக் காது விட்டால் பெட்டி பின்பக்கமாகக் கவிழ்ந்துவிடும்.

வெள்ளிக்கிழமை காலை பத்தேகாலுக்கு மாலை, சூடத்தோடு வந்து நின்றார். காதை அப்போதுதான் பற்றவைத்து முடித்திருந்தேன். பத்தரைக்கு ராகு காலம், அதற்குள் வண்டி என் வாசலைத் தாண்டியாக வேண்டும். பெட்டிக்குப் பொட்டு வைத்து, மாலையும் போட்டுவிட்டார். நான் சுத்தியலை எடுத்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டார். நல்ல நாளில் அந்த மனிதரோடு எதற்கு வம்பு என்று விட்டுவிட்டேன். நான் செய்த தப்பு அதுதான், வேறு யாரையும் சொல்லிப் பயனில்லை. செல்லமுத்து சொன்னார்: "பொட்டு வெச்ச பொருளப் போயி யாராச்சும் அடிப்பாங்களா? எரு அள்ளுற பெட்டிதானங்க, என்னா ஆயிடப் போவுது?"

முடியிறக்கப் போனவர்கள்

பத்து நாள் கழித்து மொபெட்டில் பெரம்பலூருக்குப் போய்க்கொண்டிருந்தேன். முன்னால் ஒரு சின்ன டிராக்டர். பின்னால் அந்தப் பெட்டி, காய்ந்த மாலை அப்படியே தொங்குகிறது. பெட்டிக்குள் எரு இல்லை. செல்லமுத்துவின் மனைவி, மடியில் கைக்குழந்தை, சுற்றிலும் ஐந்து பிள்ளைகள், கையில் முறுக்கு. குலதெய்வத்துக்கு முடியிறக்கப் போகிறார்கள். குழி வரும்போதெல்லாம் பெட்டி எழும்பி விழுந்தது. பிள்ளைகள் சிரித்தார்கள். பின்னாலேயே ஒரு லாரி வந்துகொண்டிருந்தது.

எப்படி ஓட்டினேன் என்று தெரியவில்லை. வண்டிக்குக் குறுக்கே மொபெட்டைப் போட்டு நிறுத்தினேன். எல்லோரையும் இறங்கச் சொன்னேன். வண்டியை ஓட்டி வந்த செல்லமுத்துவுக்குக் கோபம், சாமி காரியத்தில் தடங்கல் செய்கிறேன் என்று. நான் அவர் வண்டியிலிருந்த சுத்தியலை எடுத்துக் காதின் மேல் அடித்தேன். முதல் அடிக்கு ஒன்றுமில்லை. இரண்டாவது அடிக்குக் காது கழன்று பெட்டி மல்லாந்து விழுந்தது. கீழே கிடந்ததை எடுத்துப் பார்த்தேன், பட்டையை உரித்தது போல வழவழவென்றிருந்தது.

அதைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே ரோட்டோரம் உட்கார்ந்துவிட்டேன். லாரி எங்களைக் கடந்து போனது. பிள்ளைகள் முறுக்கைக் கடித்துக்கொண்டு என்னை வேடிக்கை பார்த்தார்கள். அந்த அம்மாள் குழந்தையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு பெட்டியையே பார்த்தபடி நின்றார். செல்லமுத்து மட்டும் பெட்டியைச் சுற்றி வந்து, மாலையைச் சரிசெய்து, என்னிடம் மனம் நொந்து சொன்னார்: "பத்து நாளா நல்லாத்தான இருந்துச்சு. நீங்க அடிச்சதாலதான ஒடஞ்சிது."

அதற்குப் பிறகு, ராகு காலமோ எமகண்டமோ, அடி வாங்காமல் ஒரு பொருளும் என் வாசலைத் தாண்டவில்லை, செல்லமுத்துவும் பொட்டு வைத்ததை அடிக்காத வேறு பட்டறையாகப் பார்த்துப் போய்விட்டார்.