மணல்மேட்டில் ஒரு விசாரணை நாள்

தை மாதத்தில் முல்லைத்தீவுக் கடல்நீரேரிகளுக்குப் பூநாரைகள் வரும் என்று வருடா வருடம் கேள்விப்படுவேன், வருடா வருடம் போகாமலே விட்டுவிடுவேன். இந்த முறை என்னைக் கிளப்பியது சட்டத்தரணியான என் சிநேகிதி வாசுகி. "பறவை பாக்கிறதெண்டால் இந்தச் சனிக்கிழமை வா. அடுத்த வருசம் அந்த இடம் இருக்குமோ தெரியாது" என்றாள். அதைக் கேட்ட பிறகு எப்படி வீட்டில் இருப்பது?

வவுனியாவில் காலை ஐந்தரைக்குப் பேருந்து எடுத்தேன். ஒட்டுசுட்டான் வழியாக முல்லைத்தீவுக்கு ஏறத்தாழ மூன்று மணி நேரம். இடப்பக்க யன்னலோரம் இருங்கள், வெயில் முகத்தில் அடிக்காது. காட்டோரத்தில் யானைச் சாணத்தைக் கண்டேன், யானையைக் காணவில்லை. அதுவும் நல்லதுதான்.

நகரத்திலிருந்து தெற்கே பதினெட்டுக் கிலோமீற்றர், ஓட்டோவுக்கு இரண்டாயிரம் ரூபாய். "அக்கா பறவை பாக்கவோ, விசாரணை பாக்கவோ?" என்று கேட்டார் சாரதி.

"ரெண்டும்தான்."

"அப்ப சரியான நாளிலதான் வந்திருக்கிறியள்."

விடயம் இதுதான். கடலுக்கும் நீரேரிக்கும் நடுவே நீளமான ஒரு மணல்மேடு. அதற்கு உள்பக்கம் பறவைகள் சரணாலயம். அந்த மணலில் கனிமம் இருப்பதால் அகழ்வதற்கு ஒரு நிறுவனம் அனுமதி கேட்டிருக்கிறது. மேடு போனால் கடல் உள்ளே வரும். பறவையும் போகும், இறாலும் போகும். கரையில் இருப்பவை கத்தோலிக்க மீனவக் குடும்பங்கள். நீரேரி இறால்தான் அவர்களுடைய சோறு. அவர்களுக்காக வாசுகி மனித உரிமை ஆணைக்குழுவில் முறைப்பாடு செய்திருந்தாள். "பறவையை மட்டும் சொன்னால் தட்டிக்கழிப்பினம். அந்தப் பறவையோட சேந்து வாழுற சனத்தின்ர உரிமையைச் சொன்னால் பதில் சொல்லியே ஆகோணும்" என்பது அவள் கணக்கு. அன்று விசாரணை அதிகாரிகள் இடத்தைப் பார்க்க வந்தார்கள்.

மாதா கோயில் முற்றத்தில் கூடினோம். திருநாளுக்குப் பரவுவதுபோல முற்றம் முழுக்கப் புது வெள்ளை மணல். எனக்குக் கொள்ளை அழகாக இருந்தது. வாசுகிக்கோ முகம் வெளுத்துவிட்டது.

"ஜெசிந்தாக்கா, இந்த மணல் எங்கயிருந்து எடுத்தனீங்கள்?"

"மேட்டிலதான் பிள்ளை. பெரிய ஆக்கள் வருகினம் எண்டு விடியவே பரவினனாங்கள்" என்றார் அவர், அவ்வளவு பெருமையாக. நீரேரியில் கையால் தடவி இறால் பிடிப்பவர். முறைப்பாட்டில் முதல் பெயர் அவருடையது.

நிறுவனத்தின் சட்டத்தரணி விடுவாரா? "மணல் எடுக்கக் கூடாதெண்டு முறைப்பாடு செய்த ஆக்களே அள்ளியிருக்கினம், பாருங்கோ" என்று சிரித்தார். வாசுகி கீழே பார்த்தாள். எல்லாம் போச்சு என்று நினைத்தேன்.

ஜெசிந்தாக்கா எழும்பினார். "ஓம், அள்ளினனாங்கள். திருநாளுக்கும் அள்ளுறனாங்கள். கொடி இறங்கின கையோட ஓலைக் கடகத்தில சுமந்து திருப்பிக் கொண்டுபோய்க் கொட்டுவம். மாதாவுக்கெண்டு எடுத்ததையே நாங்கள் வைச்சிருக்கிறேல்லை. இவையள் எடுத்தால் திருப்பிக் கொண்டந்து போடுவினமோ? அதைக் கேளுங்கோ."

விசாரணையை நடத்திய அதிகாரி அம்மா நிறுவனத்தின் சட்டத்தரணியைத் திரும்பிப் பார்த்தார். அவர் கோப்பைப் புரட்டத் தொடங்கினார். பிறகும் புரட்டிக்கொண்டே இருந்தார்.

விசாரணை முடியும்வரை அங்கே ஒரு மண்வெட்டியும் இறங்கக்கூடாது என்று பரிந்துரைப்பதாக அதிகாரி சொன்னார். தீர்ப்பில்லை, தவணைதான். ஆனாலும் பின்னேரம் ஊரே கடகம் தூக்கியது. நானும் இரண்டு நடை சுமந்தேன், கழுத்து இன்னும் வலிக்கிறது. மேட்டில் ஏறிக் கொட்டியபோது அந்தப் பக்கம் நீரேரி முழுக்கப் பூநாரைகள் நின்றன. படம் எடுக்கத் தோன்றவில்லை. அழுகை வந்தது, அழுதேன்.

போகிறவர்களுக்கு: தை, மாசி நல்ல காலம். தண்ணீர் கொண்டுபோங்கள், நகரம் தாண்டினால் கடை இல்லை. மேட்டில் அடம்பன் கொடியை மிதிக்காதீர்கள், மணலைப் பிடித்து வைத்திருப்பது அதுதான். ஓட்டோவைத் திரும்பி வரச் சொல்லி வையுங்கள்.

இன்னொன்று. நான் ஓட்டோவில் ஏறும்போது ஜெசிந்தாக்கா ஓடிவந்தார். "பிள்ளை, சப்பாத்தை உதறிப்போட்டு ஏறுங்கோ." ஓட்டோ ஊத்தையாகிவிடும் என்று சொல்கிறாராக்கும் என நினைத்து வெளியே காலை நீட்டினேன். அவர் வெறும் கடகத்தைச் சப்பாத்துக்குக் கீழே பிடித்தார். உதறினேன். ஒரு பிடி மணல்கூட விழுந்திராது. அதை இடுப்பில் ஏந்திக்கொண்டு மேட்டுப் பக்கம் நடந்தார்.