கோடு போட்ட இடமெல்லாம் பதில்

புத்தகம் கேள்வி கேட்டால் பாண்டியம்மாள் வாய்விட்டுப் பதில் சொல்லிவிடுவார். பாடத்தில் ‘இங்கே சற்று நிறுத்துங்கள்’ என்று அச்சடித்திருந்தால் நிறுத்திவிடுவார். அதற்கு மேல் ஓர் எழுத்தைப் பார்க்க மாட்டார். ‘உங்கள் ஊரில் குழந்தைகள் எதை வைத்து விளையாடுகிறார்கள் என்று நினைத்துப் பாருங்கள்’ என்று இருந்தால் பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு கண்ணை மூடிக்கொள்வார். நல்ல கேள்வி என்று பட்டால், “அப்படிக் கேளுங்க” என்று புத்தகத்தைத் தட்டிக்கொடுப்பதும் உண்டு. பிடிக்காத கேள்விக்கு ஒரு முறைப்பு. “இதையெல்லாம் போயிக் கேப்பாகளா?”

கவுஞ்சி மலைக்கிராமத்துப் பால்வாடியில் பதினேழு பிள்ளைகளும் பாயில் சுருண்டு தூங்கும் மதிய வேளைதான் அவருடைய கல்லூரி. வயது முப்பத்தொன்பது. ஒன்பது வருடமாக அங்கே ஆயா. புடவைக்கு மேல் கணவர் சேனாதிபதியின் சாம்பல் நிற ஸ்வெட்டர்; சேனாதிபதி கேரட் கழுவும் வேலைக்குப் போகிறவர், அதனால் ஸ்வெட்டரில் சேற்று வாசம் எப்போதும் இருக்கும். அதன் பைக்குள் கைவிட்டால் பட்டன், பட்டாணிக்காய், நூல்கண்டு, வழவழப்பான கூழாங்கல் என்று என்னென்னவோ வரும். புதிதாக வந்து அழுகிற பிள்ளையின் கையில் பாண்டியம்மாள் முதலில் இவற்றில் ஒன்றை வைத்துவிட்டுத்தான் பெயர் கேட்பார்.

பால்வாடியை அவர் பால்வாடி என்று சொல்வதில்லை. ‘புள்ளக்காம்பரா’ என்பார். இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்து, ஐந்து வயதில் பெற்றோரோடு கப்பலில் இந்தக் கரைக்கு வந்தவர். கொழுந்து பறிக்கப் போகும் அம்மாக்கள் பிள்ளைகளை விட்டுச் செல்லும் அறைக்கு அங்கே அதுதான் பெயர். பால்வாடியை நடத்தும் டிரஸ்டிலிருந்து வருகிறவர்கள் எத்தனை முறை திருத்தினாலும் சிரித்துக்கொண்டே தலையாட்டிவிட்டு அடுத்த வாக்கியத்திலேயே புள்ளக்காம்பரா என்பார்.

மலைக்குக் கீழேயிருந்து வரும் டீச்சர்கள் கவுஞ்சியில் தங்குவதில்லை. ஒருவர் நான்கு மாதம் இருந்தார், இன்னொருவர் இரண்டு. கடைசியாக வந்தவர் ஜனவரியில் ஒரு காலை புல் முழுக்க உறைபனி வெள்ளையாகக் கிடந்ததைப் பார்த்தார். மத்தியான பஸ்ஸுக்குப் பெட்டியோடு நின்றார். ஒவ்வொரு முறையும் பிள்ளைகள் ஒரு வாரம் வாசலையே பார்த்துக்கொண்டிருக்கும். பெரியண்ணன் என்று ஒரு மூன்றரை வயதுக்காரன், பெயரில்தான் பெரியவன், பத்து நாள் வாயே திறக்கவில்லை. பாண்டியம்மாளுக்கு இது தாங்காது. இந்தக் குளிரைத் தாங்கத் தெரிந்தவர் ஒருவர்தான் இங்கே டீச்சராக இருக்க முடியும் என்று டிரஸ்டுக்குச் சொல்லிச் சொல்லி அலுத்துப்போனார்.

2006 ஜூனில் அவர்கள் ஒரு வழி சொன்னார்கள். திண்டுக்கல்லில் ஒரு பயிற்சி நிலையம் தபால் வழியில் ஒரு வருடத்தில் பால்வாடி டீச்சர் ஆக்குகிறது. பத்தாம் வகுப்பு போதும். பாஸ் பண்ணினால் பாண்டியம்மாளே டீச்சர். இல்லாவிட்டால் அடுத்த ஜூனில் கீழேயிருந்து வேறொருவர். திரும்பவும் ஒரு பெட்டி, திரும்பவும் ஒரு வாரம் வாசலைப் பார்க்கும் பிள்ளைகள்.

அவர் அன்றே பணம் கட்டினார்.

காலியாக ஒரு கோடு கிடந்தால் பாண்டியம்மாளுக்குக் கை துறுதுறுக்கும் என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். மருந்து பாட்டிலில் ‘பெயர்’ என்று கோடு போட்டிருந்தால் அதில் பெயரை எழுதிவிட்டுத்தான் மூடியைத் திறப்பார். கல்யாணப் பத்திரிகையில் ‘திரு’ என்று போட்டுப் புள்ளி வைத்த இடத்தையும், வந்து சேர்ந்த பிறகு, சேனாதிபதி பெயரால் நிரப்பிவிடுவார். ஒரே ஓர் இடத்தை மட்டும் தொட்டதில்லை. பால்வாடி வருகைப் பதிவேட்டின் அட்டையில் மூன்று கோடுகள் உண்டு. முதல் இரண்டில் பால்வாடியின் பெயரும் ஊரும் இருக்கின்றன. ‘ஆசிரியை’ என்ற மூன்றாவது கோட்டில் போனவர்களின் பெயரை எல்லாம் தாள் ஒட்டி மறைத்து மறைத்து, அந்த இடமே அட்டையைவிடத் தடித்துக் கிடந்தது. ஜனவரியிலிருந்து அது காலி. எழுதிவிடேன் என்று சேனாதிபதி ஒருநாள் சொன்னபோது, “அது சம்பாரிச்சு எழுத வேண்டிய எடம்ங்க” என்று பதிவேட்டைக் குப்புறக் கவிழ்த்து வைத்துவிட்டார்.

முதல் பாடப் புத்தகம் வந்தது. பக்கத்துக்கு ஒரு கேள்வி. ஒவ்வொன்றின் கீழும் நான்கு கோடுகள். பாண்டியம்மாளுக்கு நான்கு கோடு எந்த மூலைக்கு? ஓரத்தில் எழுதினார், அட்டையின் உள்பக்கம் எழுதினார், அதுவும் போதாமல் நோட்டுத் தாளைக் கிழித்து ஊசி நூலால் புத்தகத்தோடு தைத்தார். எல்லாக் கேள்விக்கும் பதில் எழுதி முடித்து, புத்தகத்தை அப்படியே காக்கித்தாளில் சுற்றித் திண்டுக்கல்லுக்கு அனுப்பிவிட்டார். இரண்டாம் புத்தகத்தையும் மூன்றாம் புத்தகத்தையும் அப்படியே செய்தார். தபால்காரர் பொன்னுவேலுக்குத்தான் தோள் வலி. “அவுக குடுக்குறத நீங்க திருப்பிக் குடுக்குறீங்க. ஊடால நான் எதுக்குங்கக்கா?” என்று அவர் கேட்பதும், “கேட்டவுகளுக்குப் பதில் போகணும்ல பொன்னுவேலு” என்று இவர் சொல்வதும் மாதாந்திரச் சம்பாஷணை ஆயிற்று.

நவம்பரில் ஒரு கடிதம் வந்தது. ‘தங்களிடமிருந்து மூன்று ஒப்படைப்புகளும் பெறப்படவில்லை. வரும் நேர்முக வகுப்பில் தராவிட்டால் தங்கள் பெயர் நீக்கப்படும்.’ ஒப்படைப்பு என்றால் வீட்டில் எழுதி அனுப்ப வேண்டிய தேர்வு. பாண்டியம்மாள் கடிதத்தை மூன்று முறை படித்தார். கை கடுக்க எழுதி, நூல் கோத்துத் தைத்து அனுப்பியதெல்லாம் எங்கே போயிற்று? அன்று கஞ்சி அடிப்பிடித்தது. ஒன்பது வருடத்தில் முதல் முறை.

சனிக்கிழமை விடியலுக்கு முன் கிளம்பும் பஸ்ஸைப் பிடித்து அட்டுவம்பட்டிக்குப் போனார். அங்கே ஒரு கூடத்தில் அந்த வருடத்தின் முதல் நேர்முக வகுப்பு. வகுப்பு நடத்துகிறவர் ராஜ்மோகன், இருபத்தாறு வயது, திண்டுக்கல்காரர். மலைக் குளிருக்கு மப்ளரை மூக்குவரை சுற்றியிருந்தார். அவர் மேஜை மேல் மூன்று புத்தகங்கள், நூல் தொங்கிக்கொண்டு, தைத்த தாள்கள் பிதுங்கிக்கொண்டு கிடந்ததைப் பார்த்ததும் பாண்டியம்மாளுக்கு உயிர் வந்தது.

“வந்து சேர்ந்துருச்சே சார். அப்புறம் எதுக்கு வரலைன்னு போட்டீக?”

“அக்கா, இது புக். ஒப்படைப்பு எங்க?”

“கடைசில ஒட்டியிருந்த தாளுங்களா? பத்திரமா பொட்டிக்குள்ள கெடக்கு சார்.”

“அதத்தானக்கா அனுப்பணும்.”

“அதுல கேள்வி ரெண்டுதான் இருக்கு. உள்ளாற அம்புட்டுக் கேட்டுருக்காக. அத விட்டுப்போட்டு இத எப்படி சார் அனுப்ப?”

ராஜ்மோகன் மப்ளரை இறக்கினார். “அந்தக் கோடெல்லாம் நீங்க உங்களுக்கே எழுதிப் பாத்துக்கிறதுக்குக்கா. செல்ஃப் செக். எங்களுக்கு அனுப்ப வேண்டியதில்ல.”

“எனக்குத்தான் தெரியுமே. தெரிஞ்சத எனக்கு நானே எதுக்கு எழுதிக்கிறணும்? கேட்டவுகளுக்குத்தான சொல்லணும்?”

கூடத்தில் இருந்த இருபது பெண்களும் சிரித்தார்கள். பாண்டியம்மாளுக்கு விஷயம் பிடிபடக் கொஞ்சம் நேரமாயிற்று. பிடிபட்டதும் எல்லோரையும்விட அதிகமாகச் சிரித்தவர் அவர்தான், கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். ராஜ்மோகன் முதல் புத்தகத்தைத் திறந்து ஒரு பக்கத்தைக் காட்டினார். ‘புதிய இடத்தில் தனியே விடப்பட்டபோது நீங்கள் எப்படி உணர்ந்தீர்கள்?’ என்பது கேள்வி. கீழே பாண்டியம்மாளின் கோணல் எழுத்து: ‘கப்பலிலிருந்து இறங்கியதும் அம்மா என்னை ஒரு மூட்டைமேல் உட்கார வைத்துவிட்டு வரிசையில் நிற்கப் போனது. திரும்பி வரும்வரை மூட்டையின் காதை விடாமல் பிடித்திருந்தேன். பயத்தில் இருக்கிற பிள்ளைக்குப் பிடித்துக்கொள்ள ஏதாவது வேண்டும்.’

“இத எங்க ஆபீஸ்ல அத்தன பேரும் படிச்சிட்டோம்க்கா” என்றார் ராஜ்மோகன். “ஆனா மார்க் போட எனக்குத் தாள் வேணும். சாயங்காலம் பஸ்ஸுக்கு முன்னாடி மூணையும் இங்கயே உக்காந்து எழுதித் தந்துருவீங்களா?”

எழுதினார். கூடுதல் தாள் மட்டும் ஐந்து முறை கேட்டார்.

கடைசித் தேர்வு மார்ச்சில். பயிற்சி நிலையத்திலிருந்து ஒருவர் வந்து ஒரு மணி நேரம் வகுப்பைப் பார்ப்பார். பேச மாட்டார், மூலையில் உட்கார்ந்து மதிப்பெண் தாளில் குறிப்பார். அவர் இருப்பதையே மறந்துவிட்டுப் பாடம் நடத்த வேண்டும் என்பது விதி. பாண்டியம்மாளுக்கு இதுதான் கவலை. புள்ளக்காம்பராவுக்குள் வருகிற ஆளுக்கு அவர் ஏதாவது சோலி கொடுத்தே பழக்கம். பொன்னுவேல்கூட நாலு மூக்கைத் துடைத்துவிட்டுத்தான் தபாலைத் தர முடியும். சும்மா உட்கார்ந்திருக்கும் மனிதரை எப்படி மறப்பது?

வந்தவர் ராஜ்மோகனே. ஆனால் சிரிக்கவில்லை, தெரிந்தவர்போலக் காட்டிக்கொள்ளவும் இல்லை. பாண்டியம்மாள் கேரட், உருளை, பீன்ஸ் என்று இரவெல்லாம் வரைந்த அட்டைகளை எடுத்து வைத்தார். பெரிது, சிறிது என்று பிரிக்க வேண்டும். பெரியண்ணன் கேரட் அட்டையை வாங்கித் திருப்பிப் பார்த்து, “இது வெளையல” என்று கீழே போட்டான். மற்றவர்களும் போட்டார்கள். பத்து நிமிடம் கெஞ்சியும் பலனில்லை.

பாண்டியம்மாள் அட்டைகளைப் பொறுக்கி ஓரத்தில் வைத்துவிட்டு, பின்கட்டுக்குப் போய்ச் சேனாதிபதி சமையலுக்குக் கொண்டுவந்திருந்த கேரட் சாக்கை இழுத்து வந்து கூடத்தில் கவிழ்த்தார். அவ்வளவுதான். அப்பனும் ஆத்தாளும் கேரட் காட்டில் தரம் பிரிப்பதைத் தினமும் பார்க்கிற பிள்ளைகள். முதல் தரம் ஒரு குவியல், இரண்டாம் தரம் ஒரு குவியல், வெடித்ததும் முறுக்கியதும் மாட்டுக்கு. எண்ணினார்கள், சண்டை போட்டார்கள், நீளம் அளந்தார்கள். பிரித்து முடித்ததும் லாரி வேண்டியிருந்தது. மூலையில் காலை நீட்டி ஒருவர் சும்மா உட்கார்ந்திருந்தார். பெரியண்ணன் முதல் கேரட்டை அவர் மடியில் ஏற்றினான். பதினேழு பேரும் ஏற்றினார்கள்.

“ஏலே, மழ வருது, தார்ப்பாயப் போடு” என்று ஒருவன் கத்தினான்.

“வெரசா போடுங்க, வெரசா” என்ற பாண்டியம்மாள், கைக்கு அகப்பட்டதை இழுத்து லோடின் மேல் விரித்தார்.

விரித்த பிறகுதான் பார்த்தார். ராஜ்மோகனின் மதிப்பெண் தாள். ஈரக் கேரட்டின் சேறு அதில் மெல்ல ஊறிப் பரவிக்கொண்டிருந்தது. ஒரு வருடப் படிப்பு, ஒப்படைப்பு, தைத்த தாளெல்லாம் இந்த ஒரு சேற்றுக்கறையில் முடிந்தது என்று பாண்டியம்மாள் நினைத்தார். ராஜ்மோகன் பேசக் கூடாது, பேசவில்லை. தொண்டையை மட்டும் செருமி, அடிவயிற்றிலிருந்து ‘டுர்ர்ர்’ என்று லாரியைக் கிளப்பினார். பிள்ளைகள் கைதட்டினார்கள். பாண்டியம்மாளுக்குத் தட்டக் கை வரவில்லை.

ஆறு வாரம் அவருக்குச் சரியாகத் தூக்கமில்லை. ஏப்ரல் கடைசியில் ஒரு காலை பொன்னுவேல் வாசலில் நின்று, உள்ளே வராமலே சிரித்தார். கையில் பெரிய உறை. அதன் மேல் முகவரிக்குக் கீழே சிவப்பு மையில் கொட்டை எழுத்து: ‘அக்கா, இதைத் திருப்பி அனுப்ப வேண்டாம்.’

உள்ளே சான்றிதழ். அதோடு சேறு காய்ந்த மதிப்பெண் தாளின் நகல் ஒன்று. கறை படியாத இடத்தில் ராஜ்மோகன் எழுதியிருந்த எண் தெளிவாகத் தெரிந்தது: நூற்றுக்குத் தொண்ணூற்றிரண்டு.

பாண்டியம்மாள் சான்றிதழை இரண்டு முறை வாய்விட்டுப் படித்தார். பிறகு கையை ஸ்வெட்டரில் துடைத்துக்கொண்டு, கவிழ்த்து வைத்திருந்த பதிவேட்டை எடுத்துத் திருப்பினார். “பேனா குடுங்க பொன்னுவேலு” என்று கையை நீட்டினார். தடித்துக் கிடந்த அந்த மூன்றாவது கோட்டில், அவசரப்படாமல், ஓரத்துக்கு ஓடாமல், சே. பாண்டியம்மாள் என்று எழுதினார். சூடான கஞ்சிக்குக் காத்திருந்த பிள்ளைகள் என்னவென்று பார்க்க அவரைச் சுற்றி நின்றன. அவர் முட்டிபோட்டு உட்கார்ந்து, பதிவேட்டைப் பெரியண்ணன் முகத்துக்கு நேராகத் தாழ்த்திப் பிடித்தார்.

“ஊதுங்க, காயட்டும்.”