என் ஓரகத்தி போட்ட கோடுகள்

என் கணவரின் அண்ணன் மனைவி, அதாவது என் ஓரகத்தி, வீட்டிலேயே துணி தைப்பவள். எங்கள் இரண்டு குடும்பத்துக்கும் நடுவில் ஒரு சுவர்தான். அவளுக்குப் பிள்ளையில்லை. முழங்கால் வலியோடு மிஷின் மிதித்தே இருபது வருடத்தை ஓட்டிவிட்டாள். அவளைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆனால் கடவுளுக்குத் தெரியும், அவள் மேல் எனக்கு இருந்தது வயிற்றெரிச்சல்தான்.

என் மகளுக்கு எட்டு வயது. வாலு என்றுதான் கூப்பிடுவோம். கோபம் வந்தால் கையில் கிடைத்ததை வீசுவாள், பக்கத்துப் பிள்ளையைக் கடித்துவிடுவாள். மருத்துவர் தினம் ஒரு மாத்திரை கொடுத்தார். கடிப்பது நின்றது, தூக்கம் வந்து ஒட்டிக்கொண்டது.

காலை ஆறரைக்கு மாத்திரை கொடுப்பது நான். பள்ளிக்கு நடக்கும்போதே என் மேல் சாய்ந்து தூங்கி வழிவாள். மதியம் சலவை நிலையத்துக்கு வேலைக்குப் போனால் நான் திரும்ப எட்டரை ஆகும். அதற்குள் படுத்திருப்பாள். இடையில், சாயங்காலம் முழுக்க, அவள் விழித்துச் சிரிப்பதெல்லாம் ஓரகத்தியிடம். பெற்றவளுக்குத் தூக்கம், அவளுக்குச் சிரிப்பா? சாமி கும்பிடும்போதுகூட இதுதான் மனதில் ஓடும்.

பத்து நாள் விடுமுறை முடிந்து பள்ளி திறந்ததுமே ஆசிரியை என்னை நிறுத்தினார். "முதல் ரெண்டு பாடமும் தூங்கிடுறாம்மா. இப்படியே போனா அடுத்த வகுப்புக்கு அனுப்ப முடியாது."

கலங்கிப்போய் வீட்டுக்கு வந்தேன். பக்கத்தில் ஓரகத்தி வீட்டுக்குள் நுழைந்தால், அவள் தைத்த துணியைக் கொடுக்கப் போயிருந்தாள். அவள் தையல் மேசை முழுக்கச் சாக்பீஸ் கோடுகள். சில நின்றன, சில படுத்திருந்தன. ஓரத்தில் இரட்டைச் சடை போட்ட பொம்மைப் படம். இரண்டு பேரும் விளையாடிய விளையாட்டு! ஈரத்துணியை எடுத்து அழுத்தித் துடைத்தேன்.

வந்தவள் திகைத்து நின்றாள். "யாருடி துடைச்சது?"

"நான்தான்க்கா. அழுக்கா இருந்துச்சு."

"அழுக்கா? லீவு பூரா வாலு எப்பத் தூங்குறா, எப்ப முழிக்கிறான்னு அரை மணிக்கு ஒரு கோடு போட்டேன்டி! நின்ன கோடு முழிப்பு, படுத்த கோடு தூக்கம். டாக்டர்கிட்ட போய்ச் சொல்லுன்னு உன்கிட்ட சொல்ல இருந்தேன்."

"நோட்டுல எழுதியிருக்கலாமே" என்றேன், வெட்கத்தை மறைக்க.

"என் அளவு நோட்டு பூரா ஊராளுங்க இடுப்புதான் இருக்கு. நடுவுல புள்ளையை எங்கடி வைக்கிறது?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. பொறாமையில்தான் துடைத்தேன் என்று சொல்லிவிட்டேன்.

"தெரியுமே" என்றாள். "நீ பாத்திரம் வைக்கிற சத்தம்தான் சுவரைத் தாண்டி வருதே."

அடுத்த வாரம் ஒரு அட்டையில் மறுபடி போட்டோம். காலைக் கோடுகள் நான், பள்ளிக் கோடுகள் ஆசிரியையைக் கேட்டு, சாயங்காலம் அவள். மருத்துவர் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"மாத்திரை போட்ட ஒரு மணி நேரத்துல தூக்கம் பிடிக்குது. இந்த மாத்திரையைச் சாயங்காலம் ஏழு மணிக்கு, சாப்பிட்டதும் குடுத்துப் பார்ப்போம். நீங்களா நேரத்தை மாத்தாம கேட்டு வந்தீங்களே, அது நல்லது."

ஏழு மணிக்கு நான் சலவை நிலையத்தில் இருப்பேன். மாத்திரை டப்பா ஓரகத்தி கைக்குப் போக வேண்டும். எனக்கென்று இருந்த ஒன்றும் போகிறதே என்று, மருத்துவர் சொன்னதை மீறி இரண்டு நாள் பழையபடி காலையிலேயே கொடுத்தேன். அந்தப் பாவத்தை மறைக்க மாட்டேன். மூன்றாம் நாள் விடிந்ததும் வாலுவின் பாட நோட்டைத் திறந்தேன். முந்தின நாள் பக்கத்தில் ஒரு எழுத்துகூட இல்லை, எச்சில் கறை மட்டும். காலை மாத்திரையை எடுக்கவில்லை. மருத்துவமனைக்குப் போன் போட்டு நடந்ததைச் சொன்னேன். அன்று சாயங்காலமே தொடங்கச் சொன்னார்கள். டப்பாவைக் கொண்டுபோய்த் தையல் மேசையில் வைத்தேன்.

"கையைக் கழுவிட்டுக் குடுங்கக்கா."

"உத்தரவு, மகாராணி."

இப்போது காலையில் வாலு என் கையைப் பிடித்துக் குதித்துக்கொண்டே வருகிறாள். வழி முழுக்கப் பேச்சு. "பெரியம்மா நேத்து என்ன பண்ணாங்க தெரியுமாம்மா?" என்றுதான் தொடங்குவாள். வயிறு இன்னும் எரிகிறது. ஆனாலும் அந்தக் கதை முடியும்முன் பள்ளி வாசல் வந்துவிடுகிறதே என்றிருக்கிறது.