டோல்கிக்குத் தவக்காலம் இல்லை

மன்னார்த் தீவில் என் வயலினுக்குக் கிடைத்த முதல் ரசிகர்கள் இரண்டு ஆமிக்காரர். பாலத்தடிச் சோதனைச் சாவடியில் பெட்டியைத் திறக்கச் சொன்னார்கள். திறந்தேன். ஒருவன் சிங்களத்தில் ஏதோ கேட்டான். வயலின் என்றேன். நம்பவில்லை. வாசித்துக் காட்டு என்று துவக்கின் நுனியால் சைகை செய்தான். விடத்தல்தீவுக் கோயிலில் பத்து வயதிலிருந்து வாசித்த கை அது. அன்றைக்குத் தந்தியிலிருந்து பூனை கத்துவதுபோல ஒரு சத்தம்தான் வந்தது. இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். எனக்குப் பின்னால் வெயிலில் வரிசையில் நின்ற சனமும் சிரித்தது. அதுதான் எனக்கு ஆத்திரம். ஆமிக்காரன் சிரித்தால் சிரிக்கட்டும், உங்களுக்கு என்ன வந்தது?

ஊரில் ஷெல் விழத் தொடங்கிய பிறகு அம்மாவையும் வயலினையும் கூட்டிக்கொண்டு தீவுக்கு வந்திருந்தேன். முப்பது வயது, கலியாணம் ஆகவில்லை, வாய்க்கொழுப்பு மட்டும் நிறைய. பகலில் மீன் வாடியில் ஐஸ் உடைக்கிற வேலை. பின்னேரம் விறைத்த விரல்களோடு வாடகை அறையில் தனியே வாசிப்பேன். அடுத்த அறைக்காரி சுவரில் தட்டுவாள். தனியே வாசிப்பது எனக்கு வாசிப்பே இல்லை. ஒருவர் தாளம் போட வேண்டும், ஒருவர் பாட வேண்டும், நாலு சனம் எதிரில் இருந்து கேட்க வேண்டும். ஊரில் இதெல்லாம் கேட்காமலே கிடைத்தது. இங்கே நான் யாரென்றே ஒருவருக்கும் தெரியாது.

அறைக்குப் பக்கத்துக் கோயிலில் போய்க் கேட்டேன். பாடகர் குழுவை நடத்தியவர் ஓய்வுபெற்ற ரீச்சர் ஒருவர். கண்ணாடியை மூக்கு நுனியில் இறக்கி என்னைப் பார்த்தார்.

"வாசிக்கிற ஆக்கள் எல்லாம் இந்தியாவுக்குப் போட்டினம் தம்பி. மிச்சம் நானும் இந்த ஹார்மோனியமும்தான். அதிலயும் மூண்டு கட்டை வேலை செய்யாது."

"நான் வயலின் வாசிப்பன் ரீச்சர்."

"வாங்கோ, ஆர் வேண்டாமெண்டது? ஆனா தாளத்துக்கு ஆள் இல்லை. சனம் ஆளுக்கொரு பக்கமா இழுக்குது. அலுமாரிக்குள்ள ஒரு டோல்கி கிடக்கு, அதைத் தொட ஆள் பிடிச்சுக்கொண்டு வாங்கோ பாப்பம்."

ஆள் எங்கே பிடிப்பது? வாடியில் கேட்டேன், சலூனில் கேட்டேன். விசரன் என்று பார்த்தார்கள். ஒரு கிழமைக்குள் வயலினின் மேல்தந்தியும் அறுந்தது. தந்தி விற்கிற கடை தீவில் இல்லை. வலை விற்கிற கடையில் தங்கூசி நூல் வாங்கிக் கட்டினேன். மீன் பிடிக்கிற நைலோன் நூலில் என்ன நாதம் வரும்? வந்தது, கொஞ்சம் மூக்கால் பேசுகிறமாதிரி. அதுவும் பழகிவிட்டது.

டோல்கிக்கு ஆளைக் கண்டுபிடித்தது தண்ணீர் வரிசையில். தண்ணீர் கொண்டுவருகிற பவுசர் லொறி வரவில்லை, சனம் வெறும் கான்களோடு நின்றது. எனக்கு முன்னால் பத்துப் பேர் தள்ளி யாரோ கானில் தட்டினார்கள். சும்மா பொழுதுபோகத் தட்டுகிற தட்டல் இல்லை. இடது கை அடியில் உருட்ட, வலது கை விரல் நுனியால் பேசியது. நான் என் இடத்தை விட்டுவிட்டு முன்னே போனேன். பின்னால் நின்ற மனுசி வரிசை குழப்புகிறேன் என்று ஏசினாள். ஏசட்டும்.

நாற்பது வயதிருக்கும், மெலிந்த ஆள், சட்டைப் பொத்தான் இரண்டு இல்லை. மலையகத்தில் தோட்டத்தில் பிறந்தவர். அங்கே இனக்கலவரத்தில் லயத்து வீடுகளைக் கொளுத்தியபோது குடும்பத்தோடு இலுப்பைக்கடவைப் பக்கம் வந்து குடியேறி, கூலிக்கு வயல் செய்தவர். அங்கிருந்தும் இடம்பெயர்ந்து, இப்போது தீவில் ஒரு பள்ளிக்கூட வகுப்பறையில் மனைவியோடு இருந்தார்.

"டோல்கி வாசிப்பீங்களோ அண்ணை?"

"கோயில் பஜனைக்கு வாசிச்சிருக்கேன் தம்பி. நம்ம டோல்கிதான் வர்ற வழியில போயிருச்சு. கை கேக்குது, என்னா செய்ய?"

என் மாதாவே, அன்றைக்கு எனக்கு வந்த சந்தோஷத்தை என்ன சொல்ல! தண்ணீர் எடுக்காமலே அவரை ரீச்சரிடம் இழுத்துக்கொண்டு போனேன். அவர் எங்களைப்போல கத்தோலிக்க வேதக்காரர் இல்லை, சைவம். ரீச்சர் அதைக் கேட்கவே இல்லை. அலுமாரியைத் திறந்து டோல்கியை நீட்டினார். அவர் கயிற்றை முறுக்கி, தட்டிப் பார்த்து, ஒரு உருட்டு உருட்டினார். ரீச்சர் சிரித்ததை முதன்முறை அன்றுதான் பார்த்தேன்.

அதிலிருந்து ஐந்து மாதம். சும்மா சொல்லக்கூடாது, நன்றாக இருந்தேன். பின்னேரங்களில் பள்ளிக்கூட மரத்தடியில் பழகுவோம். இடம்பெயர்ந்த சனம் சமைப்பதை விட்டுவிட்டு வந்து இருக்கும். கிறிஸ்து பிறப்பு நத்தாருக்கு எங்கள் பாட்டுக்குக் கோயில் நிரம்பி வாசலிலும் சனம் நின்றது. எல்லாப் பாட்டுக்கும் முன்னால் அவர் ஒரு சின்ன உருட்டுக் கொடுப்பார், அதன் கடைசி அடியில் நான் வில்லை வைப்பேன். கண்ணால்கூடப் பார்க்கத் தேவையில்லை. தெருவில் என்னைக் கண்டால் "வயலின் தம்பி" என்றார்கள். அதற்காகத்தானே நான் அலைந்தது.

ஆனால் அவருக்கு ஒரு கவலை இருந்தது, எனக்கும் தெரியும். வெளியிலிருந்து தீவுக்கு வந்தவர்கள் வாரத்துக்கொருமுறை ஆமி முகாம் வாசலில், தீவில் இருக்க விடுகிற பாஸைப் புதுப்பிக்க வேண்டும். பாஸ் கிடைக்காவிட்டால் பாலத்துக்கு அங்கால் போக வேண்டியதுதான். அவர் மனைவிக்கு எட்டாம் மாதம். முன்னே இரண்டு பிள்ளைகள் தங்கவில்லை. ஆஸ்பத்திரிப் பக்கத்திலேயே இருக்க வேண்டும் என்று டொக்டர் சொல்லியிருந்தார். "பிள்ளை பொறக்குற வரைக்கும் பாஸ் தந்தாப் போதும் தம்பி, பொறகு எங்கிட்டு வெரட்டினாலும் போறேன்" என்பார்.

ஈஸ்டருக்கு முந்தின நாற்பது நாள் தவக்காலம் வந்தது. எங்கள் பக்கத்தில் விபூதிப் புதனோடு வாத்தியங்கள் எல்லாம் படுத்துவிடும். ஊரில் என் அப்பா வயலின் தந்திகளைத் தளர்த்திப் பெட்டியைக் கட்டி வைத்துவிடுவார். நானும் அப்படியே செய்தேன். கோயிலில் வெறும் குரலில்தான் பாட்டு. அவருக்கு அது விளங்கவேயில்லை.

"நாப்பது நாளா? கை மறந்து போகாதா தம்பி?"

"மறக்காது அண்ணை. ஈஸ்டருக்கு முதல்நாள் பாஸ்காப் பூசையில மணி அடிச்சு, எல்லா வாத்தியமும் ஒண்டா எழும்பேக்க பாருங்கோ, அதுக்குத்தான் இந்த நாப்பது நாளும்."

பாவம், அதை நம்பித் தொடையில் தட்டிக்கொண்டே நாட்களை எண்ணினார்.

அந்த வருஷம் தவக்காலத்தின் கடைசி வாரமான பெரிய கிழமையும் சித்திரைப் புதுவருஷமும் ஒன்றாக வந்தன. அதற்கு முந்தின வெள்ளிக்கிழமை இருவரும் பாஸ் வரிசையில் நின்றோம். மேசைக்கு அன்றைக்குக் கப்டனே வந்திருந்தான். எங்களைப் பார்த்துச் சிங்களத்தில் பேசினான். எனக்குச் சிங்களம் ஒரு சொல்லும் தெரியாது. அவருக்குத் தோட்டத்தில் வளர்ந்ததால் நல்லாய்த் தெரியும். அவர்தான் எனக்குச் சொன்னார்.

"கோயில்ல வாசிக்கிறது நாமதானான்னு கேக்குறாரு. வியாழக்கிழமை பின்னேரம் கேம்புல புதுவருஷ விழாவாம். ரெண்டு பேரும் வந்து வாசிக்கணுமாம்."

முகாமுக்குப் போய் வாசித்தால் ஊர் என்ன சொல்லும்? ஊரை விடுங்கள், அந்தப் பக்கத்து இயக்கத்துக்குத் தகவல் போகாதா? இதைவிடச் சின்னக் காரியத்துக்குத் துரோகி என்று மின்கம்பத்தில் கட்டிச் சுட்டிருக்கிறார்கள். மாட்டேன் என்றால் பாஸ் மேசையில் கிடக்கிறது. அப்போதுதான் தவக்காலம் எனக்குக் கைகொடுத்தது.

"சேர், அண்டைக்கு எங்களுக்குப் பெரிய வியாழன். தவக்காலத்தில வாத்தியம் தொடக்கூடாது."

அவர் அதைச் சிங்களத்தில் சொன்னார். கப்டன் தலையாட்டினான். அவன் மனைவி கத்தோலிக்கமாம், அவனுக்குத் தவக்காலம் தெரியுமாம். பிறகு அவரைக் காட்டி ஏதோ கேட்டான். அவர் என் பக்கம் திரும்பினார்.

"நானும் ஒங்க வேதமான்னு ஒங்களக் கேக்குறாரு."

ஓம் என்று சொன்னால் முடிந்தது. கப்டன் என்ன, ஞானஸ்நானச் சீட்டா கேட்கப்போகிறான்? அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். எனக்கோ, இரண்டு பேருக்கும் சாட்டுச் சொன்னால் ஒன்றையும் நம்பமாட்டான், ஒருவர் போனால் மற்றவரை விட்டுவிடுவான் என்று பட்டது. மற்றவர் நானாக இருக்க வேண்டும் என்றும் பட்டது. இதை மறைத்து என்ன பயன்?

"இல்லை, இவர் சைவம். இவருக்குத் தவக்காலம் இல்லை" என்றேன்.

அவர் கப்டன் பக்கம் திரும்பி, நான் சொன்னதை அப்படியே சிங்களத்தில் சொன்னார். கப்டன் இரண்டு பாஸிலும் முத்திரை குத்தினான். வாசலைத் தாண்டியதும் அவர், "பெட்டியக் கட்டி வச்சது நல்லதாப் போச்சு தம்பி" என்று மட்டும் சொன்னார்.

பெரிய வியாழன் பின்னேரம் கோயிலில் சுவாமியார் பன்னிரண்டு பேரின் கால் கழுவிக்கொண்டிருந்தார். மணி அடிக்கக்கூடாத நேரம், மரக்கட்டையைத்தான் தட்டினார்கள். அந்த அமைதிக்குள் முகாம் ஒலிபெருக்கியிலிருந்து டோல்கி கேட்டது. காற்று எங்கள் பக்கம் அடித்தது. யார் கை என்று ஒருவரும் ஒருவரையும் கேட்கத் தேவையில்லை. ஐந்து மாதம் அந்தக் கைக்குத்தானே சனம் கூடி இருந்தது! பாட்டுக்கு முன்னால் அந்தச் சின்ன உருட்டு வந்தது. ரீச்சர் திரும்பி என்னைப் பார்த்தார். நான் குனிந்துகொண்டேன்.

மறுநாள் பெரிய வெள்ளி. பேதுரு என்கிற இராயப்பர் சேவல் கூவ முன்னம் ஆண்டவரைத் தெரியாது என்று மூன்றுமுறை மறுதலித்த இடத்தை வாசித்தார்கள். இராயப்பர் பொய் சொன்னார், பிறகு அழுதார், மன்னிப்பும் கிடைத்தது. நான் சொன்னது உண்மை. பாவசங்கீர்த்தனத் தொட்டியில் போய் முழங்காலில் இருந்து என்ன பாவம் என்று சொல்வது?

சனிக்கிழமை காலை ரீச்சர் என் அறைக்கு வந்தார். கதிரையில் இருக்கவில்லை.

"கேம்பில அடிச்ச கை கோயிலுக்கு வேண்டாமெண்டு சனம் சொல்லுது தம்பி. நீங்கள்தானே கூட்டிக்கொண்டு வந்தனீங்கள். நீங்கள்தான் சொல்லவேணும்."

நான் செய்ததைச் சொல்ல அதைவிட நல்ல சந்தர்ப்பம் வருமா? "ஓம் ரீச்சர்" என்றேன். முகாம் வாசலில் வராத ஓம் அன்றைக்குச் சுலபமாக வந்தது.

பள்ளிக்கூடத்துக்குப் போனேன். அவர் டோல்கியைத் துணியில் சுற்றி வாசலிலேயே வைத்திருந்தார். "கோயில் சாமான், குடுத்திருங்க தம்பி. பொஞ்சாதிக்கு முடியல, நான் இன்னைக்கி வரல" என்றார். என்னை ஒரு சொல்லும் சொல்ல விடவில்லை.

ஊரடங்கு என்பதால் பாஸ்காப் பூசையைப் பொழுதுபடவே வைத்தார்கள். மகிமைப் பாட்டுக்கு மணியெல்லாம் ஒன்றாக அடித்தது. ஹார்மோனியம் எழும்பியது, சனம் பாடத் தொடங்கியது. நான் வில்லைத் தூக்கியபடி நின்றேன். முதல் அடி போயே போய்விட்டது. பிறகுதான், நான் அந்த உருட்டுக்காகக் காத்துக்கொண்டு நிற்கிறேன் என்று எனக்கே தெரிந்தது.

பெண்பிள்ளை பிறந்தது, சுகமாய்த்தான். அந்தக் கிழமைகளில் தண்ணீர் வரிசையில் அவரோடு பேச ஆள் இல்லை. கானை வைத்துவிட்டுத் தள்ளி நிற்பார், தட்டமாட்டார். பிள்ளை பிறந்து முப்பத்தொன்றாம் நாள் துடக்குக் கழிந்ததும் இந்தியாவுக்குப் படகு பார்த்துவிட்டதாகக் கேள்விப்பட்டு ஓடினேன். ஒரு பையில் எல்லாம் கட்டியிருந்தார். பிள்ளை அவர் தோளில் நித்திரை.

"அண்டைக்கு ஏன் அண்ணை நான் சொன்னதை அப்பிடியே சொன்னனீங்கள்? ஓமெண்டு மாத்திச் சொல்லியிருந்தா எனக்குத் தெரிஞ்சே இருக்காது."

அவர் பிள்ளையின் முதுகில் விரல் நுனியால் மெல்லத் தட்டிக்கொண்டிருந்தார்.

"ஒங்க மொகத்தப் பாத்தேன் தம்பி. ரொம்பப் பயந்துட்டீங்க. நமக்கு எந்த ஊருல நெலையா எடம் இருந்திச்சு? ஒங்களுக்கு இப்பத்தான் கெடச்சிச்சு. நீங்களாவது வாசிங்க."

அக்கரை போய்ச் சேர்ந்தாரா என்று இன்றுவரை தெரியாது. நான் அந்தக் கோயிலில் பிறகும் ஒன்பது வருஷம் வாசித்தேன். சனம் கூடிக் கூடிக் கேட்டது. கேம்பில் அடித்த அந்த மலையகத்து ஆள் என்று யாராவது கதை எடுத்தால், நான் தங்கூசித் தந்தியைக் குனிந்து முறுக்கிக்கொண்டிருப்பேன்.