களவுபோன வயலட் இலை

என் ஆபிரிக்க வயலட் செடியின் இலையைக் களவெடுத்தது உங்களில் ஒருவர். துறைமுகத்தடிக் கந்தோரில் என்னோடு வேலை செய்தவர்களைத்தான் சொல்கிறேன். வேறு யாரும் கோபிக்க வேண்டாம்.

இன்று காலை என்னிடமிருந்த கடைசிச் செடியும் செத்துப்போனது. குருத்தைத் தொட்டேன், கூழாகக் கையோடு வந்தது. ஒரு இலைகூடத் தேறவில்லை. இந்தச் செடிக்குத் தண்ணீரைத் தொட்டிக்குக் கீழே தட்டில்தான் ஊற்ற வேண்டும். உச்சியில் ஊற்றினால் அழுகிவிடும். நான் திரியாயில் ஒரு கலியாணத்துக்குப் போய் நின்ற நேரம், என் மனுசன் அதை வாளியால் குளிப்பாட்டியிருக்கிறார்.

“வெயிலுக்குப் பாவமெண்டு ஊத்தினனான்.”

“உங்கட மூக்கில ஆரும் அப்பிடி ஊத்தினா இருப்பீங்களே?”

அழுகிய வேரின் மணம் எனக்குப் புதிதல்ல. கந்தோர்க் குசினியில் கழுவாமல் கிடந்த தேயிலைச் சக்கையின் மணம் அது. அந்தக் குசினிக்குப் பக்கத்து யன்னலில்தான் என் முதல் வயலட், இன்று செத்ததன் தாய்ச்செடி, இருந்தது. ஊதாப் பூ, இதழோரம் வெள்ளைக் கரை. பண்டாரவளையில் வாங்கி, பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுவந்தேன்.

“இஞ்ச மனுசரே வாடிப்போகினம், உமக்கு வயலட்டோ?” என்று பெரிய கிளாக்கர் சிரித்தார். ஆனால் அந்த யன்னலில் வெயில் நேரே விழாது. துறைமுகக் காற்று மட்டும் வரும். செடி பூத்துத் தள்ளியது. கப்பல் பார்க்க எழும்பி வந்தவர்கள் பூவைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

ஒரு நாள் பார்த்தால் கீழ் வரிசையில் ஒரு இலையைக் காணவில்லை. நகத்தால் கிள்ளிய காயம். வயலட்டுக்கு ஒரு இலை போதும், காம்பை மண்ணில் குத்தினால் அடியில் குட்டி வரும். நான் கத்தினேன். பக்கத்து மேசை றிஸ்வானா, கிண்ணியாவிலிருந்து வேலைக்கு வருகிறவள், கொஞ்சமும் அசையவில்லை.

“கேட்டு வாங்கின இல பிடிக்காது அக்கா. களவெடுத்தாத்தான் பிடிக்கும்.”

“அப்ப நீதான் எடுத்தனி?”

“நான் எடுத்தா உங்களிட்டச் சொல்லிப்போடுவனே? சொன்னாப் பிடிக்காதே!”

தொட்டியில் ஒரு மட்டையில் எழுதிக் கட்டினேன்: ‘இலையில் கை வைத்தால் கை இருக்காது.’ அடுத்த கிழமை இன்னொரு இலை போனது. என் எழுத்துக்குக் கீழே யாரோ பென்சிலால் எழுதியிருந்தார்கள்: ‘கை இருக்கிறது.’ முழுக் கந்தோரும் சிரித்தது.

அந்த யன்னலை இப்போது பலகை அடித்து மூடி, ஏசி பூட்டிவிட்டார்கள். போய்ப் பார்த்தேன். உள்ளே இருந்தால் துறைமுகம் பக்கத்தில் இருப்பதே தெரியாது. செடி வைக்க இடமில்லை, கிள்ளவும் ஆளில்லை. வெள்ளைக் கரை போட்ட அந்தப் பூவைப் பிறகு எந்தக் கடையிலும் நான் காணவில்லை.

காலையிலேயே றிஸ்வானாவுக்குப் போன் எடுத்தேன்.

“சத்தியமா நான் இல்லக்கா. ஆனா எடுத்த ஆள்ட ஊட்டுல இப்பயும் பூத்துக்கிட்டு இரிக்கும். களவெடுத்த இலதானே!”

நான் அதை நம்புகிறேன். நம்பித்தான் புதுத் தொட்டியில் மண் நிரப்பி வைத்திருக்கிறேன். மனுசனின் வாளியையும் ஒளித்துவிட்டேன்.

அடுத்த மாதம் பழைய ஊழியர்களின் ஒன்றுகூடல் வருகிறது. கள்ளனோ கள்ளியோ, அந்தச் செடியோடு வாருங்கள். எல்லோருக்கும் முன்னால் எழும்பி, ‘கை இருக்கிறது’ என்று எழுதிய அந்தக் கையை உயர்த்தி, ‘ஓம், நான்தான்’ என்று சொல்லுங்கள். பிறகு செடியை மேசையில் வைத்துவிட்டு, கொஞ்ச நேரம் மற்றப் பக்கம் திரும்பி நில்லுங்கள்.